கும்பிடுபூச்சியும் குழிநரியும்: வேட்டையை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கும்பிடுபூச்சி கண்ணை நம்பி வேட்டையாடும், குழிநரி மணலை நம்பி. இதை நேரில் பார்க்க இரண்டு டப்பாவும் ஒரு வாரப் பொறுமையும் போதும்.

குழிநரி என்பது தும்பி போன்ற ஒரு பூச்சியின் இளம்புழு. மழை படாத பொடிமண்ணில் புனல் போன்ற குழி தெரிந்தால், அதற்கடியில் 3 செ.மீ. ஆழம்வரை கரண்டியால் அள்ளி டீ வடிகட்டியில் சலியுங்கள். புழு சிறிது நேரம் செத்ததுபோல் கிடக்கும். கல் துணுக்கென்று கொட்டிவிடாதீர்கள். 15 செ.மீ. அகல டப்பாவில் 5 செ.மீ. உயரத்துக்குச் சலித்த, நன்றாகக் காய்ந்த மணல் போடுங்கள். ஈரம் ஆகவே ஆகாது. மணல் ஒட்டிக்கொண்டால் சரிவு சரியாது, எறும்பு ஏறிப் போய்விடும். ஒரு டப்பாவுக்கு ஒன்றுதான். இரண்டிருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

கும்பிடுபூச்சியின் டப்பா அதன் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரம் இருக்க வேண்டும், மேலே வலை கட்டியிருக்க வேண்டும். அது தலைகீழாகத் தொங்கித்தான் தோலுரிக்கும். வழுக்கும் பிளாஸ்டிக் மூடியானால் பாதியில் விழுந்து கால் கோணிப்போகும். இரை எடுக்காமல் தொங்கினால் தோலுரிக்கப் போகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் உயிருள்ள இரையை எடுத்துவிடுங்கள். தினமும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். எறும்பு மட்டும் போடவே கூடாது, கூட்டமாகச் சேர்ந்தால் பூச்சியையே கடிக்கும்.

இனி சோதனை. டப்பாவுக்கு வெளியே பேனாவை மெல்ல அசையுங்கள். கும்பிடுபூச்சி தலையைத் திருப்பி அதையே பார்க்கும். குழிநரிக்கு, குழியின் விளிம்பில் நாலைந்து மணல் துகளை உருட்டிவிடுங்கள். அதிர்வை உணர்ந்து தலையால் மணலை வாரி இறைக்கும். கும்பிடுபூச்சி பாய்ந்து பிடிக்க நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, அதனால் போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள்.

பிடிப்பதைவிட மிச்சத்தைப் பார்ப்பதில்தான் அதிகம் தெரியவரும். கும்பிடுபூச்சி மென்று தின்னும். அடியில் கால், இறக்கைத் துண்டுகளும் காய்ந்த எச்சமும் கிடக்கும். குழிநரி கொடுக்கு போன்ற தாடையால் குத்தி, செரிமான நீரைச் செலுத்தி உறிஞ்சிவிட்டு, இரையின் வெறும் கூட்டைக் குழிக்கு வெளியே எறியும். எறும்பு முழுசாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இராது. எச்சமும் இராது: புழுப் பருவத்தில் அதன் குடல் பின்பக்கம் மூடியிருக்கும்.

பல நாள் குழி போடாவிட்டால் செத்ததென்று நினைக்காதீர்கள். மணல் ஒட்டிய உருண்டைக் கூட்டுக்குள் இருக்கலாம். கிளறாமல் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு வையுங்கள். தும்பி போன்ற பூச்சி வெளிவந்து, அதில் ஏறித்தான் இறக்கை விரிக்கும்.