கார் பெயின்ட் கீறலை வீட்டிலேயே பாலிஷ் போட்டு எடுத்த விதம்

நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் பாலிஷுக்குப் போகாது, கீறலில் தடவி நிரப்பும் டச்-அப் பெயின்ட்தான். தட்டாவிட்டால் கீறல் மேலே உள்ள கிளியர் கோட்டோடு (நிறத்தின் மேல் பூசிய நிறமற்ற பூச்சு) நிற்கிறது. அந்தப் பூச்சின் கனமே சுமார் 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதால் கம்மியாகத் தேய்ப்பதே நல்லது.

நிழலில் நிறுத்தி, நன்றாகக் கழுவித் துடைத்தேன். ஒரு மணல் துகள் பாலிஷ் தேய்க்கும் பேடில் சிக்கினாலும் புதுக் கோடு விழும். டியூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேடைச் சுழற்றிக்கொண்டே ஆட்டவும் செய்யும் பாலிஷ் மெஷின்), ஃபோம் பேட், பட்டாணி அளவில் 4 சொட்டு பாலிஷ். அதில் போகாவிட்டால்தான் அதைவிடக் கரகரப்பான காம்பவுண்ட். ஒரு தடவைக்கு 40 செ.மீ. சதுரம், குறுக்கும் நெடுக்குமாக, மெதுவாக. அழுத்தினால் பேட் சுற்றாமல் நின்றுவிடும். ஓரங்களில் பெயின்ட் மெல்லிசு, மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

உடனே தெரியும் பளபளப்பை நம்ப வேண்டாம்; பாலிஷ் எண்ணெய் கீறலை மறைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே வாக்ஸ்.