ரெய்டு இருந்தாலும் பேக்கப் வேண்டும்: வீட்டு சர்வர் பராமரிப்பு

ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை) போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர் வகை ரெய்டு காப்பாற்றுவது ஒரு டிஸ்க் செத்துப்போனால் மட்டும்தான். நீங்களே கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தேதான் போகும். சினிமாவை மறுபடி தேடிக்கொள்ளலாம், குழந்தையின் புகைப்படங்களுக்கு வேறொரு இடத்தில் இன்னொரு நகல் கட்டாயம் வேண்டும்.

மாதம் ஒருமுறை டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்து 5, 197 என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள்; டிஸ்க்கில் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய பகுதிகளின் கணக்கு அவை. கடைசியில் இருக்கும் எண் 0 என்றால் சரி. 8, 16 என்று ஏறிக்கொண்டே போனால் யோசிக்காமல் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். கோப்புகளைச் சேமிக்க இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் பயன்படுத்தினால், தரவு முழுவதையும் படித்துப் பிழை தேடும் ஸ்க்ரப்பையும் மாதாமாதம் ஓடவிடுங்கள்.

அப்புறம், ஜெல்லிஃபினில் (சர்வரிலிருக்கும் படங்களை டிவியில் பார்க்க உதவும் மென்பொருள்) படம் திக்கித் திக்கி ஓடினால் முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். டிரான்ஸ்கோட் (சர்வர் ஓடும்போதே கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) என்று காட்டினால், டிவிக்குப் புரியாத ஆடியோவோ, எழுத்தாக இல்லாமல் பிம்பமாக இருக்கும் சப்டைட்டிலோ காரணமாக இருக்கலாம். சப்டைட்டிலை எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவக் கோப்பாக மாற்றிப் பாருங்கள்.