மலையில் இருக்கும் கர்ப்பிணிகளே, எட்டாம் மாதமே ஆஸ்பத்திரியை முடிவு செய்யுங்கள்

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கும் வாசலுக்கு வரும் பெண்கள் முதலில் கேட்பது, "சிஸ்டர், எனக்கு சுகப்பிரசவம் ஆகுமா, கத்தி வைப்பாங்களா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த ஆஸ்பத்திரின்னு முடிவாச்சா தாயி?" முதல் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இரண்டாவதில் இருக்கிறது.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2015-16இல் நூறு பிரசவத்தில் 34 சிசேரியன். 2019-21இல் அது 45. அதே கணக்கில் நாடு முழுவதும் 21.5தான். தமிழ்நாட்டுக்குள்ளேயே அரசு ஆஸ்பத்திரியில் 36 சதவீதம், தனியாரில் 63.8. நம் பெண்களின் இடுப்பு ஐந்து வருடத்தில் குறுகிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது இது: ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதம் வரை உயரும்போது தாயும் சிசுவும் சாவது குறைகிறது, அதற்கு மேல் ஏறுவதால் சாவு மேலும் குறைவதாகத் தெரியவில்லை. அதே அறிக்கை, எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, தேவைப்படுகிறவளுக்கு ஆபரேஷன் கிடைப்பதே முக்கியம் என்றும் சொல்கிறது. மலையில் இருக்கும் நமக்கு அந்த இரண்டாவது பாதிதான் உயிர்ப் பிரச்சினை. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் வரவே சுமார் 35 கிலோமீட்டர் மலைச்சாலை. அதற்குக் கீழே காட் ரோடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரம் சாய்ந்து, மண் சரிந்து சாலை அடைத்துக் கிடந்ததை மறக்க முடியுமா? மே மாத சீசனில் டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே 108 ஊர்ந்து வருவதையும் பார்த்திருக்கிறோம்.

அதனால் எட்டாம் மாதம் பிறந்ததும் தாய்-சேய் நல அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்காருங்கள். கணவரோ மாமியாரோ கூட வரட்டும். முடிவெடுக்கிறவர் காதில் நேராக விழ வேண்டும். குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, நஞ்சு (நஞ்சுக்கொடி) எங்கே இருக்கிறது, பிரஷர், சர்க்கரை எப்படி, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 11க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். ரத்தம் குறைவு என்றால் மாத்திரையோ ஊசியோ போட்டு ஏற்ற இப்போதும் நேரம் இருக்கிறது. வலி வந்த பிறகு இருக்காது.

நஞ்சு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மேலே ஏறிவிடும். எட்டாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பூண்டுக் காட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அப்போதும் நஞ்சு கர்ப்பவாயை மூடியே இருந்தது. கீழே போய் இருக்கச் சொன்னால், "எனக்கு எல்லாப் பிள்ளையும் இந்த வீட்லதான் பொறந்துச்சு" என்றார் மாமியார். சுவரில் மாட்டியிருந்த மஞ்சப்பையை எடுத்தேன். உள்ளே ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு, பையின் வாயை உள்ளங்கையால் மூடிக் கவிழ்த்துப் பிடித்தேன். "கிழங்கு வெளியே வரணும்னா என் கையைக் கிழிச்சுட்டுத்தானே வரணும்? அந்தக் கை இவளோட ரத்தம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துணிமணியை அவரே மடித்து வைத்தார். மருமகள், மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்து ஆபரேஷனில் பெற்றாள். தாயும் பிள்ளையும் நலம்.

நஞ்சு மூடியிருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், இரட்டைக் குழந்தை என்றால், முன்பே சிசேரியன் ஆகியிருந்தால், பிரஷர் ஏறினால், வலிக்காகக் காத்திராமல் 36ஆம் வாரமே சீமாங் மையம் (ராத்திரி பகல் பாராமல் அவசரப் பிரசவம் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி) இருக்கும் ஊருக்கு இறங்கிவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் போன் போட்டு மூன்றைக் கேளுங்கள்: ராத்திரியிலும் ஆபரேஷன் செய்வீர்களா, மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, ரத்தம் கிடைக்குமா? முந்தைய பிரசவம் சிசேரியன் என்றாலும் அடுத்தது சுகப்பிரசவம் ஆக நல்ல வாய்ப்புண்டு. ஆனால் பழைய தையல் பிரியும் ஆபத்து சிறிதளவு இருப்பதால், உடனே ஆபரேஷன் செய்ய முடிகிற இடத்தில் மட்டும் முயல வேண்டும்.

ஜாதகம் பார்த்து நாள் குறிப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். டாக்டர் சொல்லும் காரணம் இல்லாமல் 39 வாரம் முடியும் முன் வெட்டி எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வருவது அதிகம். தாய்க்கு ரத்தப்போக்கு, புண்ணில் சீழ், காலில் ரத்தக் கட்டு என்று ஆபத்துகள் கூடும். ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு தழும்பிலேயே ஒட்டிப் பிடிக்கும் ஆபத்தும் ஏறுகிறது. அதனால்தான் முதல் பிரசவத்தில் அவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன்.

லேபர் வார்டில் "ஆபரேஷன்" என்றால், "என்ன காரணம் டாக்டர்? கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கு? காத்திருக்க நேரம் இருக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். 5 சென்டிமீட்டர்கூடத் திறக்காமல், தாயும் சேயும் நன்றாக இருந்தால், வலி மெதுவாக இருக்கிறது என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள், தைரியசாலியை அனுப்புங்கள். கூடவே ஆள் இருந்தால் சிசேரியன் குறைவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் வந்துவிட்டது, ரத்தம் கொட்டுகிறது என்றால் கேள்வி வேண்டாம். உடனே கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் பனிக்குடம் உடைந்தாலோ, தண்ணீர் பச்சையாக வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷன் ஆனாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கலாம். நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். மறுநாளே எழுந்து நடக்க வேண்டும். குளிர் ஊர் என்று பத்தியம் சொல்லித் தண்ணீரைக் குறைக்காதீர்கள், வெதுவெதுப்பாக நிறையக் கொடுங்கள். காய்ச்சல், சீழ், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, துணி நனைந்துகொண்டே இருக்கும் அளவுக்கு உதிரம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏன் ஆபரேஷன் செய்தார்கள், கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்று எழுதி வாங்கி, நல அட்டையோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். அடுத்த பிரசவத்தில் டாக்டர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.