பட்டியலில் இருந்தும் சிக்காத கோபால்
புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியல், போஸ்ட்கிரெஸ் 14 தரவுத்தளத்தில். ‘கோபால்’ என்று தேடினால் வராது. பட்டியலைத் திறந்தால் கண்ணெதிரே நிற்பார். டிரிம் (ஓர இடைவெளி நீக்கம்), ரீஇண்டெக்ஸ் (தேடல் அட்டவணையை மீண்டும் கட்டுவது), கொலேஷன் (எழுத்து ஒப்பீட்டு விதி) மாற்றம் என்று இரண்டு நாள் வீண்.

கேரக்டர் லெங்த் (உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணிய நீளம்) எடுத்ததும் பிடிபட்டது: நான் அடித்த பெயருக்கு 6, பட்டியலில் இருப்பதற்கு 7. பழைய கோப்பிலிருந்து ஏற்றிய பெயரில் ஓகாரக் குறி ஒன்றாக இல்லை. இரட்டைக் கொம்பு தனி, துணைக்கால் தனி. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஒகர, ஔகாரக் குறிகளிலும் இதே தொல்லை உண்டு.

நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) வைத்து அப்டேட் கொடுத்தேன் (போஸ்ட்கிரெஸ் 13-க்கு முன் இந்த ஃபங்ஷன் கிடையாது). உடனே யூனிக் பிழை (ஒரே பதிவு இரண்டு முறை கூடாது என்ற தடை): ஒரே ஆள், ஒரே கைபேசி எண், பெயர் மட்டும் இரு வடிவில், இரண்டு வரி. அவற்றை ஒன்றாக்கிய பிறகே ஓடியது. புதுப் பதிவையும் தானாக இப்படி மாற்ற ட்ரிக்கர் போட்டாயிற்று. தேடும் சொல்லையும் அதே ஃபங்ஷன் வழியாக அனுப்ப வேண்டும்.