தாத்தா துப்பாக்கியை வேட்டைக்கு எடுக்கும் முன்

முதலில் காகித வேலை: உரிமம் உங்கள் பெயருக்கு மாற வேண்டும், வேட்டை அனுமதியும் வேண்டும், அதில் குறுக்குவழி கிடையாது. அப்புறம், சுவரில் பல காலம் தொங்கியதுதானே என்று காலியாக இருக்கும் என நம்பிவிடாதீர்கள். குழல் வாய் வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கும் வகை என்றால், இடிக்கும் கோலைக் குழலின் அடிவரை மெதுவாக விட்டு வாயருகே ஒரு குறி போடுங்கள், வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். மருந்து பற்றும் துளைக்கு நன்றாக முன்பே கோல் நின்றுவிட்டால் உள்ளே ஏதோ கெட்டித்து இருக்கிறது. நீங்களாகத் தோண்டாமல் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

12 போர் (குழல் விட்டத்தின் அளவுப் பெயர்) என்றாலே அந்த அளவுத் தோட்டா எல்லாம் சேரும் என்பது ஆபத்தான நினைப்பு. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ., இன்றைய தோட்டா 70 மி.மீ., அந்த அளவு வெடித்து விரிந்த பிறகுள்ள நீளம் என்பதால் போடும்போது ஒழுங்காக உட்கார்ந்துவிடும், சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலில் அலை அலையாக வரி தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்தது) இருக்கலாம், பெரும்பாலும் கருமருந்துக்காக, அதாவது பழங்கால வெடிமருந்துக்காகச் செய்தது, இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்காமல் போகலாம். வல்லுநர் அளந்து சரி சொல்லும்வரை சுடவே வேண்டாம். இறுக்கமான சோக் (குழல் வாயருகே உள்ள குறுகல்) உள்ள பழைய குழலில் எஃகு ரவை, அதாவது எஃகில் செய்த சிறு குண்டுகள் உள்ள தோட்டாவும் கூடாது.

சரி என்றானபின் முதலில் இலக்குப் பலகையில் சுட்டு எந்தத் தூரம்வரை ரவை அதிகம் சிதறாமல் விழுகிறது என்று பாருங்கள், அந்தத் தூரத்துக்கு மேல் விலங்கைக் குறிவைக்காதீர்கள். கருமருந்து என்றால் அன்றைக்கே வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசிவிடுங்கள்; அந்தக் கசடு ஈரத்தை இழுத்துத் துருவேற்றிவிடும்.