டிராவலிங், டிரிபிளிங்: தெரியும் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

பெங்களூரு அல்சூர் பகுதியில் நான் கூடைப்பந்துப் பயிற்சியளிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர், கோர்ட்டில் கால் வைக்கும் முன்பே அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வதுதான் டிரிபிளிங், அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது டிராவலிங் என்ற தவறு என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுத நினைப்பது வேறு தவறுகளைப் பற்றி.

நின்ற இடத்தில் ஜீரோ ஸ்டெப்

சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா 2017 அக்டோபரில் விதியை மாற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் பந்தைக் கைப்பற்றும் கணத்தில் தரையிலிருக்கும் கால் கணக்கில் வராது; இதைத்தான் ஜீரோ ஸ்டெப் என்கிறார்கள். அதன்பின் இரண்டு அடிகள் வைக்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் நம் ஊரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை பழைய விதியிலும், 2019இல் இங்கேயே நடந்த கோப்பை புதிய விதியிலும் ஆடப்பட்டன.

இந்தச் சலுகை ஓட்டத்தில் இருப்பவருக்கு மட்டுமே உரியது என்பதைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். ஒரு பள்ளிப் போட்டியில் எங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, ஒரு பையன் இரு கால்களையும் ஊன்றி நின்று பந்தை வாங்கினான். வலது காலை முன்வைத்துப் போக்குக் காட்டினான். அப்போதே இடது கால் பிவட், அதாவது ஊன்றியே இருக்க வேண்டிய கால், ஆகிவிட்டது. பிறகு இடப்பக்கம் பாயும்போது, பந்து உள்ளங்கையில் இருக்கும்போதே அந்த இடது கால் தரையை விட்டது. விசில் ஒலித்தது, போட்ட கூடை செல்லவில்லை, பந்து எதிரணிக்குப் போனது. "ஜீரோ ஸ்டெப்தானே, சார்?" என்றான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் அவர்கள் மேற்கோள் காட்டும் என்பிஏவின் விதியும் நின்ற நிலையில் டிரிபிள் தொடங்குபவர் பிவட் காலை எடுக்கும் முன் பந்தை விட்டிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. குதிகால் எழலாம், முன்பாதம் எழக் கூடாது. பந்தை முதலில் தரைக்கு அனுப்புங்கள், காலைப் பிறகு எடுங்கள். மெதுவாகச் செய்து பழகிய பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

ஓட்டத்தில் வாங்கி டிரிபிள் செய்தல்

டிரிபிள் செய்வதானால், இரண்டாவது அடிக்கு முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும்.

எல்லா நிலைக்கும் ஒரே விதி என்ற எண்ணம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் ஜீரோ ஸ்டெப் கிடையாது. இந்தியாவில் ஃபிபா விதிகளே நடைமுறை. பார்க்கும் காணொளி எந்த விதிப்படி ஆடப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தடுமாறிய பந்து

கை தவறி நழுவிய பந்தை மீண்டும் பிடிப்பது டிரிபிள் ஆகாது. பயந்துபோய் அதை விட்டுவிடாதீர்கள்.

விழுந்தபின்

பந்துடன் சறுக்கலாம், உருளவோ எழவோ கூடாது.