எஸ்எஸ்டியின் மின்நுகர்வை அளந்து மாதிரி அமைக்கும் முறை

மதர்போர்டில் நேரடியாகச் செருகப்படும் எம்.2 வகை என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு (ஃபிளாஷ் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் சாதனம்) மின்சாரம் முழுவதும் 3.3 வோல்ட் தடத்தின் வழியாகவே செல்வதால், மதர்போர்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் இடையே ஒரு நீட்டிப்புப் பலகையைச் செருகி, அதிலுள்ள 3.3 வோல்ட் முனைகள் அனைத்தையும் சிறு மின்தடை ஒன்றின் வழியே திருப்பிவிட்டால், அதில் விழும் மின்னழுத்தத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்துவிடலாம். மின்னழுத்தத்தை மின்தடைக்கு அப்பால், எஸ்எஸ்டியின் பக்கத்தில் அளக்க வேண்டும்.

மின்தடையின் மதிப்பில்தான் கவனம் தேவை. 100 மில்லிஓம் வைத்தால் 3 ஆம்பியர் பாயும்போது 0.3 வோல்ட் குறைந்துவிடும். அனுமதிக்கப்பட்ட 5 சதவீத விலகல் 0.165 வோல்ட்தான் என்பதால் எஸ்எஸ்டி வேலையின் நடுவே ரீசெட் ஆகக்கூடும். 10 மில்லிஓம் பாதுகாப்பானது என்றாலும், உறக்கநிலையில் 1 மில்லிஆம்பியர் பாயும்போது கிடைப்பது 10 மைக்ரோவோல்ட் மட்டுமே; மின்னோட்டத்தை அளக்கப் பலரும் பயன்படுத்தும் ஐஎன்ஏ226 சிப்பின் ஆஃப்செட் பிழையே (உள்ளீடு சுழியாக இருந்தாலும் அது காட்டும் அளவு) அந்த அளவுக்கு இருக்கலாம். ஆகவே பெரிய மின்தடை ஒன்றையும் தொடரில் வைத்து, எஸ்எஸ்டி உறங்கும்வரை அதை ஜம்பரால் குறுக்கிணைத்து வைப்பது நல்லது.

புத்தம்புதிய எஸ்எஸ்டி தரும் எண்களை நம்ப வேண்டாம். அதன் கொள்ளளவைப் போல் இரு மடங்கு தரவை முதலில் எழுதிவிட்டு, பிறகு இயங்குதளத்தின் கேஷைத் தவிர்க்கும் அமைப்பில் படிக்கும், எழுதும் சுமையை உருவாக்கும் எஃப்ஐஓ கருவியை இயக்க வேண்டும். எழுதும் கட்டளை முடிந்ததும் அளவீட்டை நிறுத்திவிடக் கூடாது. எஸ்எல்சி கேஷில் (செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதும் வேகமான பகுதி) தற்காலிகமாக வைத்த தரவை இடம் மாற்றுவதும், செல்லாத பக்கங்கள் நிறைந்த பிளாக்குகளை (ஒன்றாகவே அழிக்கப்படும் பக்கங்களின் தொகுதிகளை) அழித்துக் காலியாக்குவதும் அதற்குப் பின்னரும் தொடரும் என்பதால், திறன் (வினாடிக்குச் செலவாகும் ஆற்றல்) ஓய்வு மட்டத்துக்குத் திரும்பும்வரை ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த மின்சாரமும் எழுதியதன் கணக்கில்தான் சேரும்.

ஆற்றலைக் கணிக்கும் மாதிரியை எளிமையாகவே தொடங்கலாம்: மொத்த ஆற்றல் என்பது ஓய்வுத் திறனை நேரத்தால் பெருக்கிய தொகையுடன், படித்த பைட்டுகளையும் எழுதிய பைட்டுகளையும் அவற்றுக்குரிய கெழுக்களால் (ஒரு பைட்டுக்கு ஆகும் ஆற்றல்) பெருக்கிக் கூட்டியது. படிப்பும் எழுத்தும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த பல ஓட்டங்களை அளந்து, மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும்படி) கெழுக்களைக் காண வேண்டும். பின்னர் அந்தக் கணக்கில் சேராத வேறோர் ஓட்டத்தைக் கொண்டு மாதிரியைச் சோதிக்க வேண்டும்.

தாறுமாறான முகவரிகளில் எழுதும் ஓட்டத்தில் மட்டும் மாதிரி குறைத்துக் கணித்தால், கணினி அனுப்பியதைவிட ஃபிளாஷில் கூடுதலாக எழுதப்படுவதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃபிளாஷில் உண்மையில் எழுதப்பட்ட அளவை எஸ்எஸ்டி தன் பதிவுகளில் வெளியிடுமானால், எழுதிய பைட்டுகளுக்குப் பதிலாக அதையே மாறியாகக் கொள்ளலாம்.